மாட்டுக்கு விசா கிடையாது

1789 உலகச் சரித்திரத்தில் முக்கியமான ஆண்டு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். பாரிஸில் ஜனங்கள் பாஸ்டீல் சிறையை உடைத்தார்கள். ராஜா, ராணி, பிரபுக்கள் எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டில், பிரெஞ்சுக் கரையிலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் ஜெர்சித் தீவிலும் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சுதந்திரம், சமத்துவம் என்றெல்லாம் பேசி அவர்கள் பொழுதைப் போக்கவில்லை. வெளியூர் மாடு ஒன்றுகூட இனி இந்தத் தீவில் குளம்பு வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி போட்ட சட்டங்களில் பல, சில வருஷங்களிலேயே மண்ணைக் கவ்வின. மாட்டுச் சட்டம் 219 ஆண்டுகள் நின்றது.

தீவு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பக்கம் 14 கிலோமீட்டர், இன்னொரு பக்கம் 8. மொத்தம் 118 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சிக்குள் இதைப் போல மூன்று தீவுகளைப் போட்டாலும் மிச்சம் இடம் இருக்கும். இத்தனூண்டு இடத்தில் இருந்துகொண்டு, மாட்டின் மேல் வைத்த பாசத்தால்தான் இப்படியொரு சட்டம் போட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் பாசமல்ல, சுங்க வரி.

கதை 1204இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் ஜான் மன்னர் நார்மண்டியைப் பிரெஞ்சு ராஜாவிடம் கோட்டைவிட்டார். பக்கத்தில் இருந்த குட்டித் தீவுகள் மட்டும் அவர் கையில் ஒட்டிக்கொண்டன. ஜெர்சிக்காரர்கள் பேசியது பிரெஞ்சு சாயல் கொண்ட பேச்சு, கும்பிட்டது இங்கிலாந்து ராஜாவை. இந்த விசுவாசத்துக்குக் கூலியாகப் பல சலுகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, ஜெர்சியிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் மாட்டுக்கு இறக்குமதி வரி இல்லை. பிரெஞ்சு மாட்டுக்கு உண்டு.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துப் படித்த எந்த மாட்டு வியாபாரியும் சும்மா இருக்க மாட்டார். பிரான்சில் சல்லிசாக ஒரு மாட்டை வாங்குவது, படகில் ஏற்றி ஜெர்சியில் இறக்குவது, ராத்திரி தங்கவைப்பது, விடிந்ததும் “ஜெர்சி மாடு” என்று இங்கிலாந்துக்கு அனுப்புவது. இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டு போன மாடுகளில் நோஞ்சான்களும் இருந்தன. விலை சரிந்தது, பெயர் கெட்டது. 1763இல் ஒரு தடைச் சட்டம் வந்தது. அதை யாரும் பெரிதாகச் சட்டை செய்யாததால், 1789இல் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது.

தண்டனைப் பகுதியை எழுதியவர் யாராக இருந்தாலும் ரசனைக்காரர். திருட்டு மாடு பிடிபட்டால் 200 லீவர் அபராதம். படகும், பாய், கயிறு முதலான சாமான்களும் பறிமுதல். கூடவே வந்து, விஷயத்தைப் போட்டுக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு மாலுமிக்கும் 50 லீவர். தப்புச் செய்தவர்கள் எல்லோரும் காசைக் கட்டித் தப்பித்துவிட, ஒரு தப்பும் செய்யாத மாட்டுக்கு மட்டும் மரண தண்டனை, அதுவும் உடனடியாக. இறைச்சி ஊர் ஏழைகளுக்கு. தீவின் ஏழைகள் அந்த நாளில் கோயிலுக்குப் போனால் என்ன வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை: ஆண்டவரே, இன்று ஒரு கடத்தல்காரனையாவது அனுப்பும்.

பிரெஞ்சு மாட்டைத் தடுத்த இந்தச் சட்டம் எழுதப்பட்டது பிரெஞ்சு மொழியில். அன்று தீவின் சட்டமொழி அதுதான். ஜெர்சிப் பசுவின் பாட்டிகளும் நார்மண்டி, பிரித்தானி பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. முந்தி வந்தவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ‘தூய இனம்’ என்ற கௌரவமான பெயர் அந்தத் தாழ்ப்பாளுக்குப் பிற்பாடு வந்தது.

பெயர் வைக்க ஒரு சங்கம் வேண்டும் அல்லவா? 1833இல் ஆரம்பித்தார்கள். நான்காம் வில்லியம் மன்னர் புரவலராக இருக்க ஒப்புக்கொண்டதால் ராயல் ஜெர்சி வேளாண்மை தோட்டக்கலைச் சங்கம் என்று பட்டுக்குஞ்சலம் வைத்த பெயர். செயலாளர் கர்னல் ஜான் லெ கூட்டர். மனிதர் லேசுப்பட்டவரல்ல. இளம் வயதில் கனடாவில் அமெரிக்கர்களுக்கு எதிராகப் போரிட்டவர். 1813இன் கடும் குளிரில் பனிமேல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போன படைப்பிரிவில் அவரும் ஒருவர். அதைவிடக் கடினமான வேலை, ஜெர்சி விவசாயிகளை ஒரே அறையில் உட்காரவைத்து மாட்டைப் பற்றி ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது. அதையும் செய்தார்.

தூய்மை பற்றிக் கர்னலுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருந்தது. அவர் கோதுமை ஆராய்ச்சிக்காரரும்கூட. ஸ்பெயினிலிருந்து நாடுகடந்து ஜெர்சியில் தங்கியிருந்த தாவரவியல் பேராசிரியர் லகாஸ்காவை அழைத்து, பாருங்கள் என் கோதுமை எவ்வளவு சுத்தம் என்று வயலைக் காட்டினார். பேராசிரியர் மூன்று வயல்களில் இறங்கி நடந்து, கதிர்களைப் பறித்துப் பிரித்து, 23 ரகங்களைக் கையில் கொடுத்தார். வேறு யாராவது என்றால் பேராசிரியரை அத்தோடு விருந்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்தியிருப்பார்கள். கர்னல் நல்ல மனிதர். ஒவ்வொரு கதிராகப் பொறுக்கி, தனித்தனியாக விதைத்து, அதைப் பற்றி 1836இல் புத்தகமே எழுதினார்.

கோதுமை அசையாமல் நிற்கும், கதிரைப் பிரித்துப் பார்க்கலாம். மாட்டை எப்படிப் பிரிப்பது? அதுவும் தீவில் அன்றைக்கு இருந்த மாட்டை? லெ கூட்டரே 1840களில் எழுதிய கட்டுரையில் அதன் பழைய அழகை ஒளிக்காமல் சொல்கிறார்: தட்டையான விலா, உயர்ந்து ஒடுங்கிய இடுப்பு, குழிவிழுந்த முதுகு, பூனைக்கு இருப்பது போன்ற பின்னந்தொடை. ஜெர்சி விவசாயி இந்தக் கோலத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. அவருக்கு வேண்டியது மஞ்சள் மஞ்சேரென்று வெண்ணெய். எந்த வீட்டுப் பசு நன்றாகக் கறக்கிறதோ, அந்தப் பசு ஈன்ற காளையிடம் தன் கிடேரியை ஓட்டிக்கொண்டு போவார். வேலை முடிந்தது. ஆக, கப்பலைப் பறிமுதல் செய்து, மாலுமிகளைத் தண்டித்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காப்பாற்றிய அந்த இனம், பார்க்கச் சகிக்காத இனம்.

சங்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1834இல் நடுவர்கள் தீவைச் சுற்றி, மாதிரிக்கு ஒரு லட்சணமான பசுவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு பசுவுக்கு முன்பாதியும் வயிறும் பிரமாதம், பின்பாதி சுமார். இன்னொன்றுக்குப் பின்பாதி பிரமாதம், முன்பாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பெண் பார்க்கப் போன இடத்தில் அக்காவின் மூக்கையும் தங்கையின் கண்ணையும் சேர்த்து ஒரு பெண்ணாகக் கொடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாதிரி, நடுவர்கள் முதல் பசுவின் முன்பாதியையும் இரண்டாவதின் பின்பாதியையும் ஒட்டி, உலகத்தில் இல்லாத ஒரு பசுவைக் காகிதத்தில் உண்டாக்கினார்கள். அதுதான் மதிப்பெண் பட்டியல். அன்றிலிருந்து தீவில் பிறந்த ஒவ்வொரு கன்றும் இந்த இல்லாத பசுவோடு போட்டி போட வேண்டியதாயிற்று.

பட்டியலைப் படிக்கப் படிக்க ருசி. தலை சிறுத்து ஒடுங்கியிருக்க வேண்டும். மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு வழவழப்பாக, நுனியில் கறுப்பு. காது சிறிதாக, மெலிதாக, உட்புறம் நல்ல ஆரஞ்சு நிறம். வால் மெல்லிசு. அப்பா வழி, அம்மா வழி இரண்டும் சுத்தம், அதோடு நல்ல மஞ்சள் வெண்ணெய் தந்த குடும்பம் என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். கவனியுங்கள், பெயர் எடுத்திருந்தால் போதும். எத்தனை படி கறந்தது என்று யாரும் பாத்திரத்தோடு வரவில்லை. நம் ஊரில் மாட்டுத் தரகர் சுழி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று ஒரு கோஷ்டி இன்றுவரை சிரிக்கிறது. ராஜாவின் ஆதரவில் காதுக்குள் ஆரஞ்சு தேடியதற்கு வேளாண் விஞ்ஞானம் என்று பெயர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கூத்து பலித்தது. கண்காட்சி, பரிசுக் கோப்பை, பன்னிரண்டு பாரிஷ்களுக்கும் இடையே மாட்டுப் போட்டி என்று வந்ததும், பக்கத்து வீட்டுக்காரன் பசுவுக்குப் பரிசு கிடைத்த வயிற்றெரிச்சலில் ஒவ்வொருவரும் தன் பசுவைக் கவனித்தார்கள். சில பத்தாண்டுகளில் குழிமுதுகு நிமிர்ந்தது, மடி திரண்டது. மான் கண்ணும் மான் நிறமுமாக இன்று நாம் பார்க்கும் ஜெர்சி வந்தது. பொறாமையைப் போல நல்ல தீவனம் வேறில்லை.

சங்கத்தின் கூட்டங்களில் மாட்டைப் பற்றிப் பேசியவர்கள் ஆண்கள். மாட்டைக் கறந்தவர்கள் பெண்கள். வேலிகட்டி மேயவிட நிலம் போதாததால், சங்கிலியில் கட்டி முளையடித்து மேய்ப்பது அந்தத் தீவின் வழக்கம். சங்கிலி எட்டும் வட்டத்தைப் பசு வழித்து எடுத்ததும், சில அடி தள்ளி அடுத்த முளை. ஒரு நாளைக்குப் பல தடவை இந்த இடமாற்றம். கறக்கும் பாத்திரம் குடுவை போல வயிறு பருத்து வாய் குறுகிய உலோகச் செம்பு. அதன் வாயில் ஒரு மெல்லிய லினன் துணி. மடியிலிருந்து பீய்ச்சுகிற பால் அடித்து அடித்துத் துணி ஓட்டையாகிவிடாமல் இருக்க, அது விழும் இடத்தில் ஒரு கடல் சிப்பி. பால் சிப்பியில் விழுந்து, வழிந்து, துணியில் வடிந்து உள்ளே இறங்கும். மதிப்பெண் பட்டியல் போட்டவர்களில் யாருக்கும் இந்தச் சிப்பிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கத் தோன்றவில்லை.

மாடு அழகாகிவிட்டது, சரி. ஆனால் இங்கிலாந்தில் அதை ஜெர்சி என்று யாரும் அழைக்கவில்லை. கால்வாய்த் தீவுகளிலிருந்து வந்த எல்லா மாட்டுக்கும் அவர்கள் வைத்த பெயர் ஆல்டர்னி. ஆல்டர்னி என்பது அங்கேயுள்ள இன்னொரு தீவு, ஜெர்சியில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. எலிசபெத் காஸ்கெல்லின் ‘கிரான்ஃபோர்டு’ நாவலில் சுண்ணாம்புக் குழியில் விழுந்து முடியெல்லாம் உதிர்ந்து, ஃப்ளானல் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு திரியும் புகழ்பெற்ற பசுகூட ஓர் ஆல்டர்னிதான். கர்னல் கொதித்துப்போனார். ஆல்டர்னி என்று தவறாக அழைக்கப்படும் ஜெர்சிப் பசுவைப் பற்றி என்று கட்டுரையின் தலைப்பிலேயே சண்டையை ஆரம்பித்தார். ஐம்பது ஆண்டு பாடுபட்டு வரி ஏய்ப்பை ஒழித்தது, புகழ் பக்கத்துத் தீவுக்குப் போவதற்கா?

1866இல் சங்கம் வம்சாவளிப் புத்தகத்தைத் திறந்தது. இங்கேதான் எந்தத் தூய்மைக்காரரும் மாட்டிக்கொள்ளும் சிக்கல். புத்தகத்தில் இடம்பெற, அப்பா அம்மா பெயர் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் யாரை எழுதுவது? நடுவர்கள் முன் மாட்டை ஓட்டி வரச் சொன்னார்கள். மேலும் கீழும் பார்த்தார்கள். பிடித்திருந்தால் ‘பாராட்டத்தக்கது’, ரொம்பப் பிடித்திருந்தால் ‘மிகவும் பாராட்டத்தக்கது’. இவற்றுக்கு அடித்தள மாடுகள் என்று பெயர். இவற்றின் பிள்ளைகள் வம்சாவளி மாடுகள். இந்த ஒரு பார்வையில் பாட்டி யார், பூட்டி யார், எந்தப் படகில் யார் வந்தார் என்ற கேள்விகளெல்லாம் மன்னிக்கப்பட்டன. உலகத்தின் எந்த உயர்ந்த குடும்பமும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்பது என் சொந்த சந்தேகம்.

புத்தகத்துக்கு அவசரம் வந்தது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து. 1860இல் மட்டும் 1,138 ஜெர்சிப் பசுக்கள் இங்கிலாந்து வழியாக ஏற்றுமதியாயின, சராசரி விலை 16 பவுண்டு. பணக்கார அமெரிக்கர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். 1868இல் அமெரிக்க ஜெர்சிக் கால்நடைச் சங்கம் பிறந்தது. அதன் முதல் செயலாளர் ஜார்ஜ் வேரிங். பின்னாளில் மெம்ஃபிஸ் நகரத்துக்குச் சாக்கடை அமைத்து, 1895இல் நியூயார்க்கின் துப்புரவு ஆணையராகித் தெருக்கூட்டுவோருக்கு வெள்ளைச் சீருடை மாட்டிவிட்ட அதே வேரிங்தான். மாட்டுக் குலத்தைச் சுத்தமாக வைப்பதற்கும் சாக்கடையைச் சுத்தமாக வைப்பதற்கும் ஒரே ஆளைப் பிடித்தது அமெரிக்கச் சிக்கனம்.

அமெரிக்கர்களுக்கு ஆரஞ்சுக் காது போதவில்லை. உடம்பு முழுக்க ஒரே நிறம், நாக்கு கறுப்பு, வால்குஞ்சம் கறுப்பு என்று ஒரு மோகம் பிடித்தது. ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால் குடம் குடமாகக் கறந்தாலும் அந்தப் பசுவுக்கு மவுசு இல்லை. இந்தப் பைத்தியம் தெளிந்ததும் அடுத்தது பிடித்தது: வெண்ணெய்ப் பைத்தியம். யூரோடாஸ் என்ற பசு ஓராண்டுக்குள் 778 பவுண்டு வெண்ணெய், அதாவது சுமார் 353 கிலோ தந்தது என்று 1880இல் செய்தி. 1884இல் கனடாவின் மேரி ஆன் ஆஃப் செயின்ட் லாம்பர்ட் ஏழே நாளில் 36 பவுண்டு. அடுத்த ஆண்டு பிரின்சஸ் செகண்ட் ஏழே நாளில் 46 பவுண்டு. தானியத்தைக் கொட்டிக் கொட்டி, பசுவை ஒரு வாரத்துக்கு ஆலையாக மாற்றிய காலம். பெயர்களைப் பாருங்கள், மாட்டுக்கொட்டகையா, அந்தப்புரமா என்று புரியாது.

கடைசியில் பட்டியலும் புத்தகமும் ஓரமாக ஒதுங்கி, தராசு நடுவே வந்தது 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில். ஜெர்சி, குர்ன்ஸி, ஷார்ட்ஹார்ன் இனங்களை வரிசையாக நிறுத்தி, 15 நாள் பாலாடைக்கட்டிப் போட்டி, 90 நாள் வெண்ணெய்ப் போட்டி, 30 நாள் வெண்ணெய்ப் போட்டி. தின்ற தீவனத்துக்கும் காசு கழித்துக் கணக்கு. போட்டி இனமான ஹோல்ஸ்டீனை வளர்ப்பவர்கள் வரவேயில்லை. ஜெர்சி அணியின் பொறுப்பாளர், மேரி ஆனின் சொந்தக்காரராக இருந்த வேலன்சி ஃபுல்லர். மூன்று போட்டியிலும் ஜெர்சிக்கே வெற்றி. பிரவுன் பெஸ்ஸி என்ற பசு 90 நாளில் 216 பவுண்டு வெண்ணெய் தந்து முதலிடம். சுமார் 98 கிலோ. இத்தனை நாளும் பசுவின் நாக்கை இழுத்து நிறம் பார்த்தவர்கள் அன்று வாயை மூடிக்கொண்டு தராசைப் பார்த்தார்கள்.

இதற்குப் பிறகு தீவுக்காரர்கள் காட்டில் மழை. 1910 வாக்கில் அமெரிக்காவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் போயின. நியூசிலாந்து, டென்மார்க், தென்னாப்பிரிக்கா என்று ஜெர்சி போகாத ஊரில்லை. ஆனால் தீவின் வாசற்கதவு வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும். போன பசுக்களின் பேத்திகள் வெளிநாடுகளில் பால் கணக்கும் மரபியல் கணக்கும் பார்த்துப் பார்த்துப் பெருகி, தாய்வீட்டுப் பசுவைவிட அதிகம் கறக்க ஆரம்பித்தன. அயல்நாட்டில் பிறந்த தூய ஜெர்சிகூட ஜெர்சிக்குள் நுழைய முடியாது. பேத்தி பாட்டியைப் பார்க்க வந்தாலும் சட்டப்படி அயல் மாடுதான்.

2008இல் தீவின் சட்டசபை ஒருவழியாகத் தாழ்ப்பாளைத் தூக்கியது. மாடு வரவில்லை, உறைவிந்து வந்தது. பறிமுதல் செய்யப் படகில்லை, அபராதம் போட மாலுமி இல்லை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மிதந்துகொண்டு, ஒரு மெல்லிய குச்சிக்குள் அடங்கி, மாப்பிள்ளை கடல் தாண்டி வந்து இறங்கினார். சட்டப்படி எந்த இனக் காளையின் விந்தும் வரலாம். ஆனால் தூய ஜெர்சிக் காளைக்குப் பிறந்தால்தான் வம்சாவளிப் புத்தகத்தில் பெயர் ஏறும். சட்டம் இறங்கி வந்தாலும் சங்கம் இறங்கி வருமா?

இத்தனை கட்டுக்காவலில் வளர்ந்த குலக்கொடி நம் ஊரில் செய்த காரியம்தான் உச்சம். கலப்பினப் பெருக்கத்துக்குத் தமிழ்நாட்டு அரசின் கொள்கை, சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன். சைக்கிளின் பின்னால் கட்டிய குடுவையில் ஜெர்சி காளையின் அம்சம் கிராமம் கிராமமாகப் போயிற்று. மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி போட்ட நாட்டுப் பசுக்கள் செம்பழுப்பாக, திமில் கரைந்துபோன கன்றுகளை ஈன்றன. அவற்றை நாம் ‘ஜெர்சி’ என்றே அழைக்கிறோம். கர்னல் லெ கூட்டர் இதைப் பார்த்திருந்தால், தவறாக அழைக்கப்படுவதைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார்.

பிறகு 2017 ஜனவரி. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டத்தில் பேசப்பட்ட வில்லன்களில் ஜெர்சியும் ஒன்று. நாட்டு மாட்டை ஒழிக்க வந்த அந்நியச் சதி என்றார்கள். பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகையை வைத்து ஏ1 பால் விஷம், ஏ2 பால் அமிர்தம் என்றார்கள். ஏ2 மரபணு ஹோல்ஸ்டீனைவிட ஜெர்சியிடம் அதிகம் என்று சொல்லவந்தவர்களைக் கேட்க ஆளில்லை. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாம் காப்பாற்ற வேண்டிய இனங்கள்தான், சந்தேகமில்லை. வெயிலையும் வண்டியையும் ஏரையும் தாங்கி வந்தவை. ஆனால் வெளியூர் மாட்டால் எங்கள் மாட்டுக்கு ஆபத்து என்ற அந்த முழக்கத்தை 1789இலேயே பிரெஞ்சு மொழியில் எழுதிவைத்தவர்கள், சாட்சாத் அந்த ஜெர்சிக்காரர்கள்.

இந்த இரண்டு நூற்றாண்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத ஆள் ஒருவர்தான்: நம் ஊர்ப் பால் சொசைட்டியில் விடிகாலையில் டிகிரி பார்க்கிறவர். கேனைத் திறக்கிறார், கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்து அட்டையில் எழுதுகிறார். காது ஆரஞ்சா, நாக்கு கறுப்பா, பாட்டி எந்தத் தீவு என்று அவர் கேட்டதே இல்லை. கலப்பு என்று அவர் கத்துவது, பாலில் தண்ணீர் கலந்தால் மட்டும்தான்.